‘ஆ’க்களைச் சேமித்த விதம் குறித்து அக்காவுக்கு

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் நாடகக் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடலளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “உன் வீட்டுக்காரன் இந்தத் தடவையாவது ஒரு காரியத்தை முடிப்பானா மாட்டானா? நீ படிச்சவ, முகத்துக்காகப் பேச மாட்டே. உள்ளதைச் சொல்லு. வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு இசை வந்து சேரலேன்னா ஓட்டல்ல கீபோர்டு வாசிக்கிறவரைப் போட்டுடறேன்.” அப்போது நான் “அப்புறம் சொல்றேன்க்கா” என்று வைத்துவிட்டதற்குக் காரணம் உண்டு. உங்கள் தம்பி பக்கத்திலேயே நின்று ஒரே கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த வீட்டில் அவர் கரண்டி துடைத்து நான் பார்த்ததில்லை. மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் மூன்றாவது வாக்கியத்தைத் தொடும்போது நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை என்பதால் கடிதம் எழுதுகிறேன். எங்கள் கிளினிக் சிஸ்டரின் வீடு உங்கள் ஒத்திகைக் கூடத்துக்கு அருகில்தான். நாளைக் காலையில் அவரே கொண்டுவந்து தருவார்.

உங்கள் கேள்விக்குப் பதில்: முடிப்பார். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு நான் எங்கெங்கே சுற்றி வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

பல் பிடுங்குகிற உங்கள் தம்பிக்கும் புத்தகத்துக்கு எண் போடுகிற எனக்கும் இசையோடு இருந்த உறவு, பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் அதிகமானால் ஜன்னலைச் சாத்துவதோடு முடிந்திருந்தது. போன வருடம் அந்தக் கருவி வந்தது. கீபோர்டு என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கும். “இது ஒர்க்ஸ்டேஷன்” என்பார். எனக்குத் தெரிந்து அதில் இருப்பவை கீபோர்டில் இருக்கிற கட்டைகள்தாம். அவற்றுக்கு மேலே பிஸ்கட் அளவில் ஒரு திரையும், விமானம் ஓட்டுகிறவருக்கே போதும் போதும் என்றாகிவிடும் அளவுக்குப் பொத்தான்களும் உண்டு. அதன் விசேஷம் என்னவென்றால், எந்த ஒலியையும் அதற்குள் பதியலாம், பதிந்ததைக் கட்டைகள் முழுக்கப் பரப்பலாம். கதவு கிறீச்சிட்டால் அந்தக் கிறீச்சை வைத்தே ஒரு பாட்டை வாசித்துவிடலாம். அப்படிப் பதிந்த துண்டுக்கு சாம்பிள் என்று பெயர். முதல் சில வாரங்களில் எங்கள் வீட்டுக் குழாய், மிக்ஸி, மாடிக் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் சாம்பிள் ஆயின. மிக்ஸியில் அவர் ஒரு சோக ராகம் வாசித்துக் காட்டினார். நான் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. வயலின், நீச்சல், புகைப்படம் என்று அவர் பாதியில் விட்டவற்றின் வரிசையை நீங்களே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். இதுவும் மழைக்காலத்துக்குள் கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் உங்கள் நாடகத்தின் கடைசிக் காட்சியை அவரிடம் சொன்னீர்கள். ஊரே திரண்டு அதிகாரியின் வாசலில் நிற்கிறது, அதுவரை பயந்து கிடந்த ஊர் முதல்முறையாக ஒரே குரலில் எழுகிறது, அந்தக் குரல் பாட்டாகவும் இருக்கக் கூடாது, கூச்சலாகவும் இருக்கக் கூடாது, மேடையில் இருப்பதோ எட்டுப் பேர், என்ன செய்வது என்று கேட்டீர்கள். யோசனை கேட்டீர்களே தவிர, அவரைச் செய்யச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. “அக்கா என்கிட்ட ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கா” என்று சொல்லிவிட்டு அன்று இரண்டு முறை தலை சீவினார். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது பாதி ரொட்டியில் நிறுத்தி, “ஊர் முழுக்க வாயைத் திறக்கிற இடம் எது?” என்று கேட்டார். நான் நகரசபை என்றேன். “என் நாற்காலி” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதில் தர்க்கம் இருக்கிறது. பணக்காரரோ ஏழையோ, அந்த நாற்காலியில் சாய்ந்தால் “ஆ” சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ‘ஆ’க்களைப் பதிந்து, கனத்த குரல்களை இடது பக்கக் கட்டைகளிலும் மெல்லிய குரல்களை வலது பக்கத்திலும் வைத்துவிட்டால், பத்து விரலால் அழுத்தும்போது ஊரே வாயைத் திறக்கும். எங்கள் வீட்டின் முன்பகுதிதான் கிளினிக் என்பது உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே அறையில் ஒர்க்ஸ்டேஷனை வைத்தார். மைக்கின் ஒயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்து, நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. கையில் குறடு வைத்திருப்பவர் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்?

அதன் பிறகு என் மத்தியானங்கள் எப்படிப் போயின என்று நீங்கள் கற்பனை செய்யலாம். விடுமுறை நாளில் நான் உள்ளே உட்கார்ந்து ஒரு பக்கம் படிக்க முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்வலம் போகும். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லுக்காக வந்தார். “ஆ சொல்லுங்க சார்.” “ஆ.” “இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி.” “நாற்காலியையா?” “குரலை சார்.” “டாக்டர், வலி சுருதி பார்த்தாய்யா வருது? முதல்ல பல்லைப் பாருங்க.” தையற்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வந்தார், அவருடைய ‘ஆ’ கேட்டால் நீங்களே கதாநாயகி வேஷம் கொடுத்துவிடுவீர்கள், அத்தனை நீளம், அத்தனை தெளிவு. அடுத்த வாரமே பல்லில் ஒன்றும் இல்லாமல் மறுபடி வந்தார். “சும்மா போய்ட்டிருந்தேன், ஏதாவது குறையுதான்னு கேட்டுட்டுப் போலாம்னு.” லாரி ஓட்டுநர் ஒருவர் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு ‘ஆ’ சொல்லப் போய் அது ‘வா’ என்று விழுந்தது. உங்கள் தம்பி அதையும் விடவில்லை. “கூட்டத்துல ஒருத்தன் ‘வா’ன்னு கூப்பிடமாட்டானா?” என்றார். இதில் சிஸ்டருக்கு மட்டும்தான் நிதானம் இருந்தது. “டாக்டர், வெளிய நாலு பேர் வீங்கின கன்னத்தோட உக்காந்திருக்காங்க. நீங்க பாட்டு வாத்தியார் மாதிரி ஏத்தி இறக்கிக்கிட்டிருந்தா அவங்க எங்க போவாங்க?” என்று அவர் கேட்ட கேள்வியும், நல்ல குரலில் கேட்டதால், பதிவாகிவிட்டது.

பதிவதோடு வேலை முடிவதில்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு துண்டிலும் முன்னும் பின்னும் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். முதல்முறை அவர் என்னை எக்ஸ்ரே அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். ஊர் எழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் குரல் உச்சத்துக்குப் போய் அடங்குகிற நேரத்தில் பத்துக் கட்டையிலிருந்தும் பத்து சிஸ்டர்கள், “வாய் கொப்பளிச்சுத் துப்புங்க” என்றார்கள். புரட்சி அதோடு முடிந்தது. பிறகு, சின்ன ‘ஆ’வை நீளமாக ஒலிக்கவைக்க அதன் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பச் சுழலவிட வேண்டுமாம். சுழலும் இடம் ஒரு மயிரிழை தவறினால் இன்ஸ்பெக்டர் ஆடு மாதிரி கத்துகிறார். நினைவகம் வேறு நிரம்பிவிட்டது. கருவி ஒவ்வொரு ‘ஆ’வையும் இடம் வலம் என்று இரட்டையாகப் பதிந்துகொண்டிருந்ததாம். “ஒரு வாய்க்கு எதுக்குங்க ரெண்டு?” என்று நான் கேட்டேன். அவர் என்னைத் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு ஒற்றையாக மாற்றினார், பாதி இடம் காலியாயிற்று. இந்த விஷயத்தில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது முதல் விபத்துக்கு வருகிறேன். கிளினிக் மூடிய பிறகு முன்பகுதியின் மெயின் சுவிட்சை அணைப்பது என் வேலை. ஒரு தடவை கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்து கருகிப்போனதிலிருந்து அதை நான் யாரிடமும் விட்டதில்லை. அன்றும் அணைத்தேன். எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மைக்கில் பதிந்திருந்தால் ஊர்க்குரலுக்கு அது ஒன்றே போதும். அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு அக்கா, பதிந்ததையெல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். தனியாகச் செருகும் நினைவக அட்டையில் சேமித்தால் உண்டு, இல்லாவிட்டால் போனது போனதுதான். நான் பதறிப்போய் நின்றேன். உங்கள் தம்பியோ கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொண்டு வெளியே வந்து, மிகப் பெருந்தன்மையாக, “பதறாதே. நான் தினமும் சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்திருக்கேன். என்னை என்னன்னு நினைச்சே?” என்றார். மெயினைப் போட்டோம். அட்டையைச் செருகினார். திரையில் எல்லாம் வரிசையாக வந்தது, எந்தக் கட்டையில் யார், எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம், எல்லாம். கையை வைத்து அழுத்தினார். சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார். கட்டைதான் ‘டொக்’ என்றது.

விஷயம் என்னவென்றால், சேமிக்கும்போது அந்தச் சின்னத் திரை மூன்று வழி கேட்கிறது. அமைப்பை மட்டும் சேமிக்கவா, ஒலிகளை மட்டும் சேமிக்கவா, எல்லாவற்றையுமா என்று. இவர் தினமும் முதலாவதை அழுத்தியிருக்கிறார். அதாவது, குழுப் புகைப்படத்துக்கு யார் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று எழுதிப் பத்திரப்படுத்திவிட்டு, வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் சொல்லிக்காட்டவில்லை. அவர் சாப்பிட வந்தார், சாப்பிட்டார், தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் இது கட்டிலுக்கு அடியில் போகிற விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது. வயலினை விட்டபோதும் நீச்சலை விட்டபோதும் அவர் இப்படி இருந்திருக்க முடியாது. ஏனென்றால் அப்போதெல்லாம் நீங்கள் ‘செய்’ என்றீர்கள். இது யாரும் சொல்லாமல் அவரே தலையில் போட்டுக்கொண்டது. இதுவும் போனால், அவர் இனி எதையுமே தொடங்க மாட்டார் என்று தோன்றியது.

ஆகவே வந்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்பு சிஸ்டருக்கு. அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை செய்கிற இடத்தின் மானம் காக்க நினைத்து, எல்லாரிடமும் “டாக்டர் உங்களை உடனே ஒரு தடவை பார்க்கணும்ங்கிறார்” என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டு நாள் எங்கள் வாசலில் நின்ற முகங்களை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் மனைவியையும் மகனையும் அழைத்து வந்திருந்தார். “எதுவா இருந்தாலும் நேராச் சொல்லுங்க டாக்டர். நான் துப்பாக்கிக்கு முன்னாடி நின்னவன்.” “ஒண்ணுமில்ல சார், ஒரு ஆ சொல்லணும்.” “ஆவா?” “ஆ.” “அதுக்காய்யா என் மகன் லீவு போட்டு வந்தான்?” கோபத்தில் அவர் சொன்ன ‘ஆ’, பழைய ‘ஆ’வைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது. ஒரு ஊர் அதிகாரியின் வாசலில் நின்று சொன்னால் அப்படித்தான் சொல்லும். பார்க்கப்போனால் எல்லாருடைய இரண்டாவது ‘ஆ’வும் மேல். பயந்து வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து, நிம்மதியும் எரிச்சலும் கலந்து வெளியே வந்த ‘ஆ’ அது. சுவிட்சை அணைத்ததற்காக எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

இம்முறை ‘எல்லாவற்றையும்’ என்பதையே அழுத்தி அட்டையில் சேமித்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதுதான் அந்தத் திரையில் அவர் வைத்திருந்த பெயர்களைப் பார்த்தேன். ஆ1. ஆ2. ஆ புதுசு. ஆ புதுசு நிஜம். ஆ வேணாம். ஆ வேணாம் வேணும். அக்கா, நான் வாழ்நாளில் பாதியை, ஒரு நூலைத் தேடி வருகிறவர் அதை உடனே எடுக்கும்படி வைப்பது எப்படி என்பதில் செலவழித்தவள். ‘ஆ வேணாம் வேணும்’ என்ற பெயரைப் பார்த்த பிறகு என்னால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியவில்லை. அவர் பல் மருத்துவர் கூட்டத்துக்குப் போயிருந்த அன்று, அட்டையை நூலகத்துக்கு எடுத்துப்போய்க் கணினியில் போட்டு முறைப்படுத்தினேன். ஆண், பெண், குழந்தை என்று முதல் பிரிவு. அதற்குள் வயது. அதற்குள் எந்தப் பல். ஒரே மாதிரி இரண்டு இருந்தவற்றில் ஒன்றை நீக்கினேன். எல்லாவற்றுக்கும் புதிதாக வரிசை எண் கொடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வகைப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. உலகத்தின் எந்த நூலகத்திலும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

அந்தக் கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. அது ஆளைப் பெயரால் தேடுவதில்லை, எண்ணால் தேடுகிறது. ஏழாம் எண் லாரி ஓட்டுநர் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தால் ஏழாம் எண்ணில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்தான் லாரி ஓட்டுநர். உங்கள் தம்பி திரும்பி வந்து சந்தோஷமாக அழுத்தியபோது, இடது பக்கக் கட்டையில் பால்பல் ஆடுவதற்காக வந்த ஒரு சின்னக் குழந்தை கன்றை இழந்த பசு மாதிரி அலறியது. வலது கோடியில் இன்ஸ்பெக்டர் சுண்டெலிக் குரலில் கீச்சிட்டார். தையற்கடை அம்மா நடுவில் இரண்டு கூறாகி இருந்தார். ஊர் எழவில்லை அக்கா, மிருகக்காட்சிசாலை கதவு திறந்துகொண்டது.

“இதுல யாரு கை வெச்சா?”

“நான்தான். ஒழுங்கா அடுக்கிவெச்சேன்.”

“ஒழுங்காத்தானே இருந்தது!”

“‘ஆ வேணாம் வேணும்’ ஒழுங்காங்க?”

“அது என்னன்னு எனக்குத் தெரியும். முதல்ல வேணாம்னு நினைச்சேன், அப்புறம் வேணும்னு நினைச்சேன்.”

“அதை ஒருத்தர் பார்த்தா புரிஞ்சுக்க வேணாமா?”

“யார் பார்க்கப் போறா? இது என்ன உன் நூலகமா, வரிசையில நின்னு ஆ கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கு?” இதுவரைக்கும் பரவாயில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் நேரே வந்து தைத்தது. “ஒரு பிரதி எடுக்காம மூலத்துலயே கை வெப்பியா? உன் நூலகத்துல யாராவது அப்படிச் செஞ்சா விட்டுடுவியா?”

விடமாட்டேன். எழுத்து மூலம் விளக்கம் கேட்பேன். அது நியாயமான கேள்விதான் என்பதால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் விபத்து இல்லை. நான் ஒவ்வொரு ‘ஆ’வாக அழுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கீழ்த் தாடை, பின்னாடி ரெண்டு பல்லு இல்ல, காத்து போகுது பாரு, பெட்ரோல் பங்க் கணக்குப்பிள்ளை” என்று சொல்வார். நான் பழைய எண்ணைப் போடுவேன். “மேல் முன்பல்லுல இடைவெளி. அந்த டீச்சர்.” ஒருவரை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று தடவை கேட்டார். “இது நானேதான்” என்றார் கடைசியில். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே ஒரு ‘ஆ’ சொல்லியிருக்கிறார். நான் நீக்கிய இரட்டைகளை நூலகக் கணினியின் குப்பைக்கூடையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தேன். என் அறையில் எதையும் உடனே அழிக்கிற பழக்கம் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் ஒரே வேலையை இப்படி உட்கார்ந்து செய்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். வருமானவரி விவகாரத்தைக் கழித்துவிட்டால் ஞாபகம் வரவில்லை.

ஆக இன்றைய நிலை இது. எல்லா ‘ஆ’வும் எல்லா அமைப்போடும் சேமிக்கப்பட்டுவிட்டது. ஒரு பிரதி கருவியின் அட்டையில், ஒரு பிரதி சிஸ்டரிடம், ஒரு பிரதி எங்கள் நூலகத்தில் அரிய நூல்கள் இருக்கும் இரும்பு அலமாரியில். பெயர்களை நான் தொடவில்லை. ‘ஆ வேணாம் வேணும்’ அப்படியே இருக்கிறது, அதை நான் பார்ப்பதில்லை. இன்று மாலை அவர் முழுக்க வாசித்துக் காட்டினார். அது இசையா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இசை என்று அறிவிக்கப்படும் பலவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, இதைப் பற்றியும் உண்டு. ஆனால் முதலில் ஒருவர், பிறகு நால்வர், பிறகு எல்லாரும் என்று அந்தக் குரல் ஏறும்போது, பொய் சொல்லி வாழ்கிற அதிகாரி எவனாவது உள்ளே இருந்தால் வெளியே வந்துவிடுவான் என்று தோன்றியது. நீங்கள் கேட்ட உள்ளது உள்ளபடி இதுதான். வெள்ளிக்கிழமை அவர் வருவார், கருவியோடு வருவார். ஓட்டல் கீபோர்டுக்காரரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒத்திகையில் அவர் ஒயரைச் செருகும்போது எல்லார் முன்னாலும் அந்த நீச்சல்குளக் கதையைச் சொல்லாதீர்கள். சொல்வதாக இருந்தால் வாசித்து முடித்த பிறகு சொல்லுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். இந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கமும் சாயாதவள் என்பதால் என் பேச்சை நீங்கள் நம்பலாம்.

அண்ணனுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். அவருடைய மேல்தாடைப் பல்லை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று உங்கள் தம்பி சொல்லச் சொன்னார். இப்போதைக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை என்றும் சொல்லச் சொன்னார். பேரன் பேத்திகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் நாடகம் அரங்கு நிறைந்து நடக்கட்டும், நடிப்பவர்களுக்கு வசனம் மறக்காமல் இருக்கட்டும், நீங்கள் நீண்ட நாள் நல்ல குரலோடு எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் மரியாதையுடன்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு நீங்கள் அழைத்தீர்கள். அவர்தான் எடுத்தார். எனக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும். “சரிக்கா. … சரிக்கா. … வாயே திறக்காதா? … இல்லக்கா, கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்ல. … சரிக்கா.” வைத்துவிட்டு, கடைசிக் காட்சியை நீங்கள் மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஊர் குரல் எழுப்பாது, வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்கும், அதுதான் பயங்கரம், ஆகவே இசை வேண்டாம், அவரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்றீர்களாம். மேலே நான் எழுதியது அத்தனையும் இதோடு வீண். உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் மரியாதையாக இருக்காது. அவர் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கருவி முன்னால் உட்கார்ந்தார். முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “வாயை மூடிக்கிட்டு நிக்கிற கூட்டத்துக்கும் ஒரு சத்தம் இருக்கும் இல்ல?” என்றார். இருக்கும்தான், ஆனால் அது கிளினிக்கில் கிடைக்காதே, அங்கே வாயை மூடினால் அவர் பிழைப்பு நடக்காதே என்றேன். “கிளினிக் எதுக்கு?” என்று சொல்லி மைக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே வைத்தார். “கல்யாணமான நாள்லேர்ந்து நான் எதைச் சொன்னாலும் நீ சொல்ற ஒரே பதில் அது. அதுல ஒரு ஊரே இருக்கு.”

“ம்” என்றேன்.

அதைப் பதிந்துவிட்டார். பிறகு கேட்டுக் கேட்டுப் பதிந்தார். சரி என்கிற ‘ம்’, நம்பவில்லை என்கிற ‘ம்’, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ‘ம்’, கேட்கவே இல்லை என்கிற ‘ம்’, உங்கள் அக்கா என்ன சொன்னார்கள் என்கிற ‘ம்’, போதும் நிறுத்துங்கள் என்கிற ‘ம்’. எல்லாவற்றையும் பரப்பி, இரண்டு கையையும் வைத்து மெதுவாக அழுத்தினார். அக்கா, ஊர் நிற்கிறது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதிகாரி சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட அது நம்பவில்லை.

ஆகவே, நான் எந்தப் பக்கமும் சாயாதவள் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவருமே வருகிறோம். சேமித்தது நான்தான், ‘எல்லாவற்றையும்’ என்பதைத்தான் அழுத்தினேன். காட்சியை மறுபடி மாற்றாதீர்கள். நான் இரண்டாம் முறை சொல்வதாக இல்லை.